சீமைச் சுருட்டும் முனியப்பன் சுருட்டும்

‘தமிழில் இதற்கெல்லாம் சொல் கிடையாது’ என்ற வாக்கியத்தை இலக்கியம் பேசுவோர் வாயிலிருந்து கேட்கும்போது எங்களுக்குச் சினம் வருவதில்லை, ஐயம்தான் வருகிறது. சொல் இல்லையா, சொல்ல வேண்டிய பொருளின் அருகே நாம் போகவில்லையா என்ற ஐயம். அண்மையில் செஞ்சியில் இந்த வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை கேட்டோம். சொன்னவர் நல்ல வாசகர், பல நாடுகளைக் கண்டவர், எங்கள் நண்பர். ஆகையால் அவர் பெயரை விட்டுவிடுகிறோம். அவர் கருத்தை விடுவதாக இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராத்தியப் படைத்தல நிலக்காட்சிகள்’ என்னும் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. அதன் பிறகு ஒருமுறை கோட்டையைப் பார்த்து வரலாமென்று சிலர் கூடிச் சென்றோம். இராசகிரி ஏறி இறங்கிய களைப்போடு, ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டுத் திண்ணையில் மாலையில் அமர்ந்திருந்தபோது நண்பர் தம் பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். (கோட்டைக்குள் அல்ல, பொது இடத்தில் புகைப்பது குற்றம், அது குற்றமாக இருப்பதே சரியும்கூட.) பெட்டியில் கியூபாவின் பார்த்தகாஸ் நிறுவனத்து ‘லூசித்தானியா’ச் சுருட்டுகள். ஏறத்தாழ ஒரு சாண் நீளம், கட்டைவிரல் பருமன். பெட்டியின் அடிப்புறத்தில் ஸ்பானிய மொழியில் ஏப்ரல் மாதத்தின் சுருக்கமும் 01 என்ற எண்ணும் முத்திரையாக இருந்தன. 2001ஆம் ஆண்டு பெட்டியிலிடப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஈரப்பதம் காத்து உறங்கவைக்கப்பட்ட இலை.

அதைச் சுவைத்ததைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வாதிடுவது அழகல்ல. கொளுத்துவதற்கு முன் தலைப்பை நறுக்கி வெறும் காற்றை இழுத்துப் பார்த்தோம்: நெடுநாள் திறவாத சுவடிக் கட்டின் வாசம், மழை விட்ட மறுநாள் வைக்கோற்போரின் வாசம், அவற்றின் அடியில் உலர்திராட்சையின் மங்கிய இனிப்பு. மண்ணெண்ணெய் நெடி அடிக்கும் தீ ஆகாதென்று நண்பர் தேவதாருச் சிம்பு ஒன்றைப் பற்றவைத்து, நெருப்பு இலையைத் தொடாமல் வெம்மை மட்டும் படும்படி சுழற்றிச் சுழற்றி ஏற்றினார். புகையை நெஞ்சுக்குள் இழுக்கலாகாது. வாயில் நிறுத்தி, நாவின் மேல் உருட்டி, விட்டுவிட வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கைத்துவிடும்.

முதற் பகுதி ஏறக்குறைய மௌனம். இவ்வளவுதானா என்று தோன்றும் அளவுக்கு மென்மை. புது இலைக்கு உரிய அம்மோனியா நெடி முற்றாக நீங்கியிருந்தது. வயதின் வேலை அதுதான். நடுப் பகுதியில் வறுத்த காப்பிக்கொட்டை வந்தது. மூக்கின் பின்புறத்தில் மிளகின் உறைப்பு மெல்லத் தட்டிற்று. கடுக்காய் கடித்தாற்போன்ற துவர்ப்பு கன்னத்தின் உட்சுவரில் நின்றது. சாம்பல் வெளுப்பாக, உதிராமல், இரண்டு விரற்கடை நீளத்துக்கு நின்றுகொண்டிருந்தது. கடைசிப் பகுதியில் கைப்பு. ஆனால் வேப்பம்பூ இரசத்தின் கைப்பு, வேப்பெண்ணெயின் கைப்பு அன்று. இரண்டு மணி நேரம் போயிற்று. அது அரிய பொருள்தான். மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

நண்பரோ புகையினூடே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆங்கிலப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார்: தோல், செடார், கொக்கோ, ஈரமண், வெண்ணெய் தடவிய ரொட்டி. ‘இதைத் தமிழில் எழுத முடியாது, நம்மிடம் இந்தக் கலாசாரமே கிடையாது’ என்று முடித்தார். திண்ணைக்கு எதிரே, வயல் வரப்பின் முனையில், ஒரு முனியப்பன் கல். முதல் நாள் படையல் நடந்திருக்க வேண்டும். மஞ்சள் குங்குமம், பொரி, காய்ந்த மாலை, அவற்றின் நடுவே முக்கால் எரிந்து அணைந்த நாட்டுச் சுருட்டு ஒன்று. நண்பரும் அதைப் பார்த்தார், பார்த்துச் சிரித்தார். ‘பாவம், சாமிக்கு அதுதான் வாய்த்தது’ என்றார்.

எங்கள் வழக்கு அந்தச் சிரிப்போடுதான்.

ஆங்கிலேயன் ‘செரூட்’ என்று சொல்வது நம் ‘சுருட்டு’ என்ற சொல்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே அது ஆங்கிலத்தில் புகுந்துவிட்டது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ அகராதி தமிழ்ச் சொல்லையே மூலமாகக் காட்டுகிறது. 1887இல் ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சில் தோன்றும் கதையில், கொலைகாரன் திருச்சிராப்பள்ளிச் சுருட்டுப் பிடிப்பவன் என்பதைத் தரையில் கிடந்த சாம்பலை வைத்தே துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். அதாவது, பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியத்தக்க தனித்தன்மை அந்தச் சாம்பலுக்கு உண்டு என்பதை இலண்டன் வாசகர்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய காலம் ஒன்று இருந்தது. உறையூரில் சுற்றிய சுருட்டு. இலை பெரும்பாலும் திண்டுக்கல் வட்டாரத்தது. ஸ்பென்ஸர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்திற்று. ‘கலாசாரமே கிடையாது’ என்று சொல்கிறவர் தம் கையில் இருக்கும் பொருளுக்கு உலகம் வைத்த பெயர்களுள் ஒன்று தம் பாட்டியின் வாயிலிருந்து போனது என்பதையாவது அறிந்திருக்கலாம்.

இதைச் சொன்னவுடன், ‘அப்படியானால் திருச்சிச் சுருட்டு ஹவானாவுக்கு நிகர் என்கிறீர்களா’ என்று மடக்குவார்கள். இல்லை. எங்களுக்கு நாக்கு இருக்கிறது. நாட்டுச் சுருட்டு தொண்டையைக் கமறும்; நாவில் காறல் நிற்கும்; ஒரே கட்டில் இரண்டு சுருட்டுகள் ஒன்றுபோல் எரியா. ஆனால் ஏன் அப்படி என்று கேட்க வேண்டாமா? கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்து வுவெல்தா அபாஹோ நிலத்தில் செடியின் இலைகளைக் கீழிருந்து மேலாக, முற்றிய முறையில், சில சிலவாகக் கிள்ளுகிறார்கள். அடியிலை எரிவதற்கு, நடுவிலை மணத்துக்கு, வெயிலை நேரே வாங்கும் உச்சியிலை வீரியத்துக்கு. மூன்றுக்கும் வொலாதோ, செக்கோ, லிஹேரோ என்று தனித்தனிப் பெயர். மேலே போர்த்தும் இலைக்கென்று துணிப்பந்தலின் நிழலில் தனிப்பயிர். பிறகு குவித்துப் புளிக்கவைத்தல், பிரித்தல், மீண்டும் புளிக்கவைத்தல், ஆண்டுக்கணக்கில் கிடத்தல். நம் பக்கத்திலோ செடியை அடியோடு வெட்டி வெயிலில் உலர்த்துவதே வழக்கம். மெல்லும் புகையிலைக்கு அது போதும், சந்தையும் அதையே கேட்டது. வேடசந்தூரில் 1948இலேயே மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்தது. ஆனால் பெட்டிக்கடைக் கண்ணாடிப் புட்டியில் கிடக்கும் சரக்குக்காக இலையை மூன்றாண்டு உறங்கவைக்க எந்த முதலாளி பணம் போடுவான்? மண்ணின் தாழ்வு என்று நண்பர் நினைப்பது முதலீட்டின் தாழ்வு. எங்களுள் ஒருவர் உறையூர்ச் சுருட்டுக் கட்டு ஒன்றைத் தேவதாருப் பெட்டியில் ஈரம் காத்து நான்காண்டு வைத்திருந்து எடுத்தார். கமறல் பாதியாகியிருந்தது, அடியில் பனைவெல்லத்தின் சாயலில் ஓர் இனிப்பு எழுந்தது, கூடவே கொஞ்சம் உப்பலும். அதிசயம் ஒன்றும் நிகழவில்லை. ஆனால் யாரும் அதைச் செய்து பார்க்கவில்லை என்பது மட்டும் உறுதியாயிற்று.

அருமை என்பதைப் பற்றியும் ஒரு சொல். 1962 பிப்ரவரியில் கென்னடி கியூபாவின் மேல் வணிகத் தடை விதித்தார். கையெழுத்திடுவதற்கு முதல் நாள் தம் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அனுப்பித் தமக்கு ஆயிரத்து இருநூறு உப்மன் சுருட்டுகள் வாங்கிவைத்துக்கொண்டார் என்று சாலிஞ்சரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஹவானாச் சுருட்டின் மேல் இன்று படிந்திருக்கும் மாயத்தில் ஒரு பங்கு இலையினுடையது. ஒரு பங்கு அந்தத் தடையினுடையது. கொஹிபா 1966இல் தலைவர்களுக்காகவும் அயல்நாட்டு விருந்தினர்களுக்காகவும் சுற்றப்பட்டு, 1982இல்தான் கடைக்கு வந்தது. கிடைக்காத பொருள் என்ற புகழ் கிடைப்பதற்கு முன்பே வந்துவிட்டது! இதையெல்லாம் நாவின் அனுபவம் என்று எழுதுகிறவர்கள் தம் நாவில் எவ்வளவு, செய்தித்தாளில் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் நண்பர் கியூபாவிடமிருந்து கற்க வேண்டியதைக் கற்கவில்லை என்பதே எங்களது பெரிய குறை. 1865இல் ஹவானாவின் ‘எல் ஃபிகரோ’ ஆலையில் ஒரு வழக்கம் தொடங்கிற்று. சுருட்டுச் சுற்றுவோர் தம் கூலியிலிருந்து காசு போட்டு ஒருவரை அமர்த்தி, உயர்ந்த மேடையில் இருந்தி, நாள் முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டனர். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். மறு ஆண்டே காலனி அரசு அஞ்சி அதைத் தடை செய்தது, தடை நிலைக்கவில்லை. 1935இல் பிறந்த மோன்தெக்ரிஸ்தோச் சுருட்டுக்குத் துமாவின் நாவலின் பெயர் வந்ததற்கு அந்த வாசிப்பு மேடையே காரணம் என்பார்கள். எழுத்தறியாத தொழிலாளி ஒருவன் கைவிரல் இலையில் ஓட, செவியால் உலக இலக்கியம் கற்ற வரலாறு அது.

நம்மிடம் இல்லையா? யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களை அறிந்த முதியவர்களைக் கேளுங்கள். வரிசையாக அமர்ந்து சுற்றுவார்கள்; ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார்; மற்றவர் கேட்டு, இடைமறித்து, வாதிடுவார்கள். அந்த இலைக்குத் தேங்காய் மட்டையும் பொச்சும் எரித்துப் புகையூட்டுவதும், ‘கோடா’ என்ற கரைசலிட்டுப் பதப்படுத்துவதும் அங்கே தனிக் கைவினை. அந்தப் புகையிலை டச்சுக்காரர் காலத்திலிருந்து திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. சுருட்டுக்கடைகள் சிங்கள ஊர்கள்வரை பரவின. கண்ணூரில் 1969இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் தொழிலாளர்க்கு வாசித்துக் காட்டும் வழக்கம் தொடர்ந்தது. ஹவானாவின் வாசிப்பு மேடையைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதியவர்களை நாங்கள் அறிவோம். கொட்டிலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களை இங்கே படிப்பாரில்லை.

இலக்கியத்திலும் அப்படியே. கியூபாவின் பெர்னாந்தோ ஒர்த்தீஸ் 1940இல் புகையிலையையும் சர்க்கரையையும் எதிரெதிர் நிறுத்தித் தம் நாட்டின் வரலாற்றையே எழுதினார். மானிடவியலுக்கு ஒரு புதுக் கலைச்சொல்லே அந்நூலில் பிறந்தது. கப்ரேரா இன்ஃபாந்தே 1985இல் சுருட்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் எழுதினார். இவ்விரண்டையும் எங்கள் நண்பர் படித்திருக்கிறார், பாராட்டுகிறோம். சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூது விட்டுப் பாடினாரே, உ. வே. சாமிநாதையர் தேடிப் பதிப்பித்தாரே, ‘புகையிலை விடு தூது’, அதைப் படித்ததில்லை என்கிறார். அதில் ஒரு கதை: மூவரும் ஆளுக்கோர் இலையைக் கொடுத்துவைக்க, சிவனுடைய வில்வமும் திருமாலுடைய துளசியும் வெள்ளத்தோடு போய்விட, பிரமன் இலை மட்டும் போகாமல் இருந்ததாம், ஆகவே அது ‘போகையிலை’, பிரமபத்திரம். கடல் கடந்து வந்து இரண்டு மூன்று நூற்றாண்டுகூட ஆகாத ஓர் அயற்பயிருக்குத் தமிழ்ப் புலவர் சிலேடையாலேயே புராணம் கட்டி, குடியுரிமையும் கொடுத்து, முருகன் சந்நிதிக்கு அனுப்பிவிட்டார். இதைவிட நாகரிகமான வரவேற்பை எந்த மொழி அந்த இலைக்குத் தந்தது?

சொல் இல்லை என்ற புகாருக்கு வருவோம். மணம், வாசம், நெடி, வீச்சம், கந்தம் என்று மூக்குக்கு; நாற்றம் என்ற சொல் முன்பு நறுமணத்தையே குறித்து இன்று தலைகீழாக நிற்கிறது, அந்த வரலாறே ஒரு கட்டுரை. நாவுக்கு அறுசுவை, அவற்றோடு காறல், கமறல், உறைப்பு, விறுவிறுப்பு, கரிப்பு, சப்பென்றிருத்தல். உண்டபின் உடலில் என்னவாகிறது என்பதற்குச் சித்த மருத்துவம் வீரியம், விபாகம் என்று தனித்தனியே வகுத்து வைத்திருக்கிறது. ‘ஈரமண்’ என்று நண்பர் ஆங்கிலத்தில் சொன்னாரே, கோடை முதல் மழையில் செம்மண்ணும் கரிசலும் வெவ்வேறாக மணக்கும் என்பதைத் தமிழ்ச் சம்சாரி அறிவான். எந்த மண் என்று அவன் திருப்பிக் கேட்பான். குறை மொழியில் இல்லை. நாட்டுச் சுருட்டை வாயில் வைக்கக் கூசுகிறவர் அதற்கான சொல்லைத் தேடியிருக்கமாட்டார். சீமைச் சுருட்டைச் சுவைக்கும்போதோ சொல்லும் பெட்டியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

இங்கே செஞ்சிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்தக் கோட்டை நாயக்கரிடம் இருந்தது, பிஜப்பூரார் பிடித்தனர், 1677இல் சிவாஜி கைக்கொண்டார், இராஜாராம் இதனுள்ளிருந்து மொகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் தாங்கினார், பின்னர் ஆற்காட்டார், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். யுனெஸ்கோ பட்டியலில் மராத்தியர் பெயர் இருக்கிறது, தவறில்லை. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் தேசிங்குராஜன் கோட்டை என்பார்கள். 1714இல் பத்து மாதம்கூட நிறைவாக ஆளாமல் போரில் மடிந்த ஒரு புந்தேல இளைஞனை, பெரிய வரலாறுகள் அரைப்பக்கத்தில் கடந்துபோகிற ஒருவனை, மூன்று நூற்றாண்டுகளாகக் காத்துவைத்திருப்பது கதைப்பாடல்; மலிவுத் தாளில் அச்சிட்டுத் திருவிழாக் கடைகளில் விற்ற சிறுநூல். அதைக் காத்தவர்களும் முனியப்பனுக்குச் சுருட்டு வைப்பவர்களும் ஒரே மக்கள். கல்யாண மகாலையும் நெற்களஞ்சியங்களையும் பாரம்பரியம் என்று ஏற்றுக்கொள்ளும் நம் படித்த மனம், மதிலுக்கு வெளியே வரப்பில் நிற்கும் அந்தக் கல்லை மட்டும் ஏன் பார்த்துச் சிரிக்கிறது?

சிரிப்பு சிரிப்போடு நிற்பதில்லை என்பதால் கேட்கிறோம். 2003 ஆகஸ்டில் தமிழக அரசு, 1950ஆம் ஆண்டின் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க முனைந்தது. ஊர்த்தெய்வங்களின் குடிமக்கள் கொதித்தனர். 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. ஆணையால் முடியாததைக் கூச்சம் செய்துகொண்டிருக்கிறது. கல்லுக்குக் கிரானைட் மேடை, மேடைக்குக் கோபுரம், கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம். பிறகு சாராயமும் சுருட்டும் ‘நன்றாயிரா’ என்று சர்க்கரைப் பொங்கலாக மாறும். காவல் தெய்வம் தான் காத்தவர்களின் உணவைத் தானும் உண்டு, அவர்கள் புகைத்ததைத் தானும் புகைத்து, அவர்களில் ஒருவராக இருந்தது. அதன் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்குவது பக்தியைத் தூய்மைப்படுத்துவது அன்று. இன்னார் சாமி என்ற அடையாளத்தைப் பிடுங்குவது. எங்கள் நண்பரின் சிரிப்புக்கும் அந்தக் கிரானைட் மேடைக்கும் உள்ள தூரம் அவர் நினைப்பதைவிடக் குறைவு.

புகைக்கச் சொல்கிறோமா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. தெலுங்குக் கடற்கரையில் எரிமுனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா பிடித்த பெண்களின் மேலண்ணப் புற்றைப் பற்றி மருத்துவர்கள் எழுதி எழுதிச் சலித்துவிட்டனர். புற்றுக்குச் சீமை, நாடு என்ற பேதம் கிடையாது. நெஞ்சுக்குள் இழுக்கவில்லை என்பதற்காக வாயை அது விட்டுவைப்பதும் இல்லை. 2016 முதல் உறையின் எண்பத்தைந்து விழுக்காட்டை நிறைக்கும் எச்சரிக்கைப் படம் இரண்டுக்கும் பொது. சுற்றிய கைகளுக்கும் நல்ல கூலி கிடைத்ததில்லை. தூசியும் இருமலும்தான் மிச்சம். இத்தொழில் தேய்வதற்காக நாங்கள் ஒப்பாரி வைக்கவில்லை. தேய்கிற ஒன்றை இகழ்ந்துகொண்டே, அதன் உறவுக்காரனை மட்டும் பட்டுத்துணியில் வைத்துக் கொண்டாடுகிற இரட்டை நாக்கையே சொல்கிறோம்.

உறையூரில் இன்னும் சிலர் சுற்றுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இன்னும் சில முதியவர்கள் கொட்டிலை நினைவு வைத்திருக்கிறார்கள். உள்ளே அடைக்கும் இலைக்கும், அதைக் கட்டும் இலைக்கும், மேலே போர்த்தும் இலைக்கும் அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், எந்த ஈரத்தில் இலை ‘பதம்’ என்கிறார்கள், கெட்ட இலையை எந்த வசவால் ஒதுக்குகிறார்கள், எந்த நாவலை எவர் வாசிக்கக் கேட்டார்கள் என்று ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார ஆள் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு பழைய ஹவானாப் பெட்டியின் விலையில் சிறு பங்குகூட இராது. அவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.